அச்சுக்காரர் சேர்த்த கதை

துபாய் ஹோட்டல் ஒன்றின் பின்வாசலில் நிற்கிறேன். உள்ளே யூத விருந்தினர்களுக்கென்று தனிச் சமையலறை இருக்கிறது. அங்கே சமைக்கும் புதுக்கோட்டை முருகேசன் எனக்குத் தேநீர் கொண்டுவருகிறார். யூத மத விதிப்படி சமையல் நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்கும் யூதப் பெரியவர், ஹசிதியம் என்ற யூதப் பக்தி மரபின் குருமார்களைப் பற்றிய அற்புதக் கதைகளை எளிய ஆங்கிலத்தில் சொல்வாராம். முருகேசன் ஒன்றைச் சொல்கிறார். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் வீட்டு வாசலில் ஒரு குரு விடியும்வரை நின்று மரணத்தைத் திருப்பி அனுப்புகிறார்.

இந்த மாதிரிக் கதைகளைப் பற்றி நான் படித்திருக்கிறேன். குருமார்கள் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் முதல் தொகுப்புகள் அச்சாகின. பலவற்றை அச்சிட்டவர்களே எழுதிச் சேர்த்தார்களா என்று ஆய்வாளர்களிடையே இன்னும் சண்டை நடக்கிறது. இதை முருகேசனிடம் சொல்லிவிடுகிறேன்.

"அந்தப் பெரியவரே அதைச் சொன்னாருண்ணே," என்கிறார் அவர். "போன மாசம் ஊர்ல எம் பொண்ணுக்கு ஆப்பரேஷன். இப்ப நல்லாருக்கா. ஊருக்குப் போக லீவு கெடைக்கல. அன்னிக்கு போனையே பாத்துக்கிட்டு நாங்க தங்குற கேம்ப்ல உக்காந்திருந்தேன். டூட்டி முடிஞ்சு என்னத் தேடி வந்த பெரியவரு பக்கத்துல உக்காந்தாரு. 'இது நடந்துச்சோ, அச்சுப் போட்டவன் எழுதுனதோ, எனக்குத் தெரியாது'ன்னு சொல்லிட்டுத்தான் இந்தக் கதைய ஆரம்பிச்சாரு."

"நீங்க என்ன கேட்டீங்க?"

"நெசமான்னு கேக்கலண்ணே. புள்ள பொழச்சுச்சான்னு கேட்டேன்."