வியாழனில் விழுந்த வெளிச்சம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பெரிய குடியிருப்பு ஒன்றின் ஆறு லிஃப்ட்டுகளும் அவர் பொறுப்பு; நாங்கள் இருப்பதும் அங்கேயேதான். உதிரி பாகம் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் போனில் கிரகங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தார். இலவசப் பாடம், வீடியோ, இன்று எந்தக் கிரகம் எத்தனை மணிக்குத் தெரியும் என்று சொல்லும் ஆப், ஒன்றையும் விடவில்லை. அப்புறம் பழைய தொலைநோக்கி ஒன்று வாங்கி, வேலை முடிந்ததும் மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறையின் சுவரோரம் நிறுத்திப் பார்ப்பார். "அண்ணனுக்குக் கிரகம் புடிச்சிருக்கு அண்ணி" என்று என் நாத்தனார் கேலி செய்வாள்.

போன மாதம் ஒருநாள் சாயங்காலம் படியில் தடதடவென்று ஓடி வந்தார். லிஃப்ட் மெக்கானிக்கே லிஃப்ட்டுக்குக் காத்திருக்கவில்லை என்றால் விஷயம் பெரியது.

"வியாழன்ல என்னமோ மோதிச்சு! ஓரத்துல பளிச்னு ஒரு வெளிச்சம், ரெண்டு செகண்ட் இருக்கும். வேற யாரும் பாக்கலைன்னா பட்டியல்ல என் பேர்தான் வரும்!"

பட்டியல் என்று அவர் சொன்னது, உலகம் முழுக்கக் கிரகம் பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவு செய்யும் ஓர் இணையதளத்தில் இருப்பது. நேரம், திசை, பென்சிலில் வரைந்த படம் எல்லாவற்றையும் ஏற்றினார். படத்தில் வியாழன், பக்கத்தில் நான்கு நிலாக்கள், வெளிச்சம் தெரிந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி.

மறுநாளே தள்ளுபடி. "நீங்கள் குறித்த திசையில் அப்போது வியாழன் இல்லை. விமான விளக்காக இருக்கும். ஆரம்பப் பாடங்களைப் படிக்கவும்." அந்தப் பாடங்களை மூன்று தடவை முடித்தவரிடம் சொல்கிறார்கள்!

திசை தப்புதான், இல்லையென்று சொல்லவில்லை. மோட்டார் அறையின் இரும்புக்குப் பக்கத்தில் போனின் திசைகாட்டி கன்னாபின்னாவென்று காட்டும். வியாழனைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கிற மனுஷர், படிவத்தில் மட்டும் போன் சொன்னதை அப்படியே எழுதிவிட்டார். விளக்கம் அனுப்பினார். பதில் இல்லை.

நாலாம் நாள் வேறொரு நாட்டுக்காரர் அதே வெளிச்சத்தை வீடியோவாகப் போட்டார். அதே நிமிடம், அதே ஓரம். தளமே கொண்டாடியது. முதலில் கண்டவர் என்று அவர் பெயரைப் போட்டார்கள்.

நான் விடுவதாக இல்லை. செவ்வாய் எது, சனி எது என்று தெரியாத நான் அந்தத் தளத்தைத் திறந்து உட்கார்ந்தேன். தேதியும் நேரமும் கொடுத்தால் வியாழனின் நிலாக்கள் எங்கே நின்றன என்று காட்டும் பக்கம் அதிலேயே இருக்கிறது. கொடுத்தேன். ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் ஒன்று, இவர் வரைந்தது அப்படியே. எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. அத்தனை மேதாவிகளில் ஒருத்தராவது அந்தப் படத்தைத் திறந்து பார்த்தாரா?

"விடும்மா, நான் பாத்தது எனக்குத் தெரியும்" என்றார்.

"உங்களுக்குத் தெரிஞ்சா போதுமா? அவங்க ஒத்துக்கணும்!" எல்லாவற்றையும் சேர்த்து நானே அனுப்பினேன்.

பத்து நாள் கழித்துத் திருத்தினார்கள். பட்டியலுக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: "பெயர் தெரியாத புதியவர் ஒருவரும் இதைப் பார்த்திருக்கலாம்." பெயர் தெரியாதாம்! பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் கொடுத்து ஐந்து வருடமாக உறுப்பினராக இருப்பவர் இவர்.

அதை இரண்டு தடவை படித்தார். கோபப்படுவார், நானும் சேர்ந்து நாலு வார்த்தை திட்டலாம் என்று காத்திருந்தேன். அவரோ போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"ஒருவேளை அது ப்ளேனாவே இருந்திருக்குமோ?"