மருமகன் தலையில் ஒரு சொட்டு

செங்கம்மாள் அந்த வாக்கைக் கொடுத்தது பொன்னேரி மீன் சந்தையில், இடுப்பில் காலிக் கூடையும் கையில் பாதி குடித்த டீயுமாக நின்றபோது. எதிரே நின்றவள் செல்லியம்மாள். முறைக்கு அண்ணி. செங்கம்மாளின் பெரியப்பா மகன் அரசப்பனைக் கட்டியவள். இன்னும் ஒரு மாதத்தில் சம்பந்தியும் ஆகப்போகிறவள்.

“மீஞ்சூர்ல சத்திரம் பாத்து வச்சிருக்கேன் செங்கா. ஓடு போட்ட கட்டடம். உங்க குப்பத்துல கார்த்திகை மாசம் கல்யாணம் வச்சா மாப்ள மணைல உக்காருவானா, மெதந்துக்கினு போவானா?”

“என் மருமவன் தலைல ஒரு சொட்டுத் தண்ணி உழாது அண்ணி. உழுந்துச்சுன்னா அப்பவே புள்ளய இட்டுக்கினு கெளம்பு. உன் சத்திரத்துலயே தாலி கட்டட்டும். நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

“நீ வாயத் தொறக்காம இருக்கறதப் பாக்கறதுக்காவது மழ வரணும்,” என்றாள் செல்லியம்மாள். டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். வாக்கு அப்படித்தான் சாட்சியோடு உறுதியானது.

அது 1972. மாப்பிள்ளை மாரியப்பனுக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை. கல்யாணம் ஆனவர்களுக்குத்தான் குவார்ட்டர்ஸ் என்றும், வருஷம் முடிவதற்குள் பெண்டாட்டியைக் காட்ட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். மார்கழியில் தாலி கட்ட முடியாது. அதனால் கார்த்திகை. பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, மணல் திட்டில் உட்கார்ந்திருக்கும் ஈச்சங்குப்பத்தில் கார்த்திகை என்றால் வானத்துக்கும் ஏரிக்கும் நடுவில் ஆள் நிற்க இடமிருக்காது.

சத்திரத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கலாம். செங்கம்மாளால் முடியவில்லை. அவள் கல்யாணமும் மழையில் நடந்ததுதான். அன்று படகு இறங்க முடியாமல், பழவேற்காடு கடைத்தெருவில் ஓர் உப்புக் கிடங்குக்குள் எட்டுப் பேர் முன்னால் துலுக்காணம் அவளுக்குத் தாலி கட்டினான். ஆக்கிய சோறு பழவேற்காட்டில், ஊர் ஜனம் ஏரிக்கு இந்தப் பக்கம் குப்பத்தில். “ஊரு சாப்புடாத கல்யாணம்” என்று அதைப் பற்றி அவளே சொல்லுவாள், சிரித்துக்கொண்டுதான். ஆனால் மகள் செல்வியின் கல்யாணம் அம்மன் கோயில் முன்னால், குப்பம் முழுக்க இலை போட்டு நடக்க வேண்டும் என்பதில் அவள் சிரிப்புக்கு இடம் வைக்கவில்லை.

சும்மா உட்காரத் தெரியாதவள் செங்கம்மாள். விடியுமுன் படகில் ஏரியைக் கடந்து, இறால் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பொன்னேரி, மீஞ்சூர், சமயத்தில் கும்மிடிப்பூண்டி ரயிலேறி இன்னும் வடக்கே என்று சுற்றிவிட்டு வருவாள். மழைக்காலத்தில் தீப்பெட்டியை எண்ணெய்த்தாளில் சுற்றிக் கொண்டைக்குள் செருகி வைத்திருப்பாள். மேல்துணி முழுக்க நனைந்தாலும் அவள் வீட்டு அடுப்பு எரியும். ஊரில் யாருக்காவது நெருப்பு வேண்டுமென்றால் முதலில் அவள் தலையைத்தான் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரு மாதம் மழைக்கு எதிராகச் சண்டைக்குத் தயாரானாள்.

முதலில் தரை. கோயில் முன்னால் இருந்த பள்ளத்தை மணல் போட்டு மேடாக்கினாள். மணல் கரையும் என்று, ஏரிக்கரையில் குவிந்து கிடந்த கிளிஞ்சலைக் கூடை கூடையாக அள்ளிவந்து மேலே பரப்பினாள். நடந்தால் நறநறவென்றது, ஆனால் சேறு ஒட்டவில்லை. பிறகு விறகு. பழைய படகு ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு, அதன் வயிற்றுக்குள் சவுக்குக் கட்டைகளை அடுக்கினாள். மீன் ஏலம் விடுகிற கொட்டகையைச் சமையலுக்கும் பந்திக்கும் கேட்டு வாங்கி, நாற்றம் போகச் சாணமும் வேப்பிலையும் கரைத்துக் கழுவினாள். நாற்றம் பாதிதான் போனது.

“அம்மா, மழைக்குப் பத்திரிகை வச்சிட்டியா?” என்று கேட்டாள் செல்வி. “மாப்ள ஊட்டுக்காரங்களுக்கு இவ்ளோ ஏற்பாடு நடக்கல.”

“எல்லாம் உன்னாலதான். சின்ன வயசுல பச்சரிசி பச்சரிசியா தின்னியே. அரிசி தின்னவ கல்யாணத்துல மழ வராம இன்னா செய்யும்?”

“நீயும் தின்னியா?”

செங்கம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கடைசியில் மிஞ்சியது பந்தல் கூரை. அங்கேதான் இடித்தது. ஐப்பசியில் அடித்த காற்று பாதிக் குப்பத்தின் கூரையைப் பிய்த்துப் போட்டிருந்ததால், தென்னங்கீற்று எங்கே கேட்டாலும் தீர்ந்துபோயிருந்தது. கிடைத்ததை வைத்து ஒரு வரிசை வேய்ந்தாள். கீழே நின்று பார்த்தால் வானம் பொத்தல் பொத்தலாகத் தெரிந்தது. மேலே கனத்த துணி ஏதாவது போர்த்தியாக வேண்டும்.

துணி ஊரிலேயே இருந்தது. படகுகளின் பாய்கள். நாலு ஆள் சேர்ந்து மடிக்க வேண்டிய கெட்டிப் பருத்தி. இறால் சீசன் வரப்போகிறது என்று எல்லோரும் அந்த வாரம்தான் பாய்களைச் சாயத்தில் முக்கியிருந்தார்கள். உப்புத் தண்ணீரில் துணி இற்றுப்போகாமல் இருக்கப் பனிச்சங்காயை இடித்துக் காய்ச்சி, அந்தச் சாற்றில் ஊறவைத்துக் காயப்போடுவது வழக்கம். வெள்ளைத் துணி செம்பழுப்பாக மாறும். குப்பம் முழுக்க அந்தப் பழுப்பு விரிந்து கிடந்தது.

செங்கம்மாள் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். கல்யாணத்தன்று எப்படியும் யாரும் தொழிலுக்குப் போகப்போவதில்லை. ஒருவரும் மறுக்கவில்லை.

துலுக்காணம் மட்டும் ஒரு பாயின் முனையை எடுத்து விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தான். பேச்சுக் குறைவான மனிதன் அவன். மனைவி பேசுகிற பேச்சு இரண்டு பேருக்கும் போதும் என்று இருப்பவன்.

“இன்னும் நல்லா காயல. வெயிலே இல்லியே.”

“பந்தல் மேல போட்டா காத்துல காய்ஞ்சிட்டுப் போவுது.”

“காயறதுக்கு முன்னாடி மழ வந்தா?”

“மழைக்குத்தானய்யா பாயே போடறோம்,” என்றாள் அவள். துலுக்காணம் விரலைப் பார்த்தான். விரல் பழுப்பாக இருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு ஏணியைத் தூக்கினான். சாயம் காயாத துணியைப் பற்றி அவளுக்குத் தெரியாததில்லை. பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறாள். ஆனால் அந்த வாரம் அவள் கண்ணுக்கு மேலிருந்து வருகிற தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. அது எதன் வழியாக இறங்கும் என்று யோசிக்க மனசு நிற்கவில்லை.

கல்யாணத்தன்று காலை வானம் இருட்டிக்கொண்டிருந்தது, ஆனால் பெய்யவில்லை. பழவேற்காட்டிலிருந்து மூன்று படகில் மீஞ்சூர் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாரியப்பன் தூய வெள்ளைப் பட்டு வேட்டியும் சட்டையுமாக, படகின் ஓரத்தைத் தொடாமல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தான். செல்லியம்மாள் புதுப் பட்டுப்புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தபடி இறங்கி, கிளிஞ்சல் தரையைக் காலால் அழுத்திப் பார்த்தாள். பந்தலை அண்ணாந்து பார்த்தாள்.

“பரவால்ல, செங்கா. கப்பல்ல கல்யாணம் மாதிரி இருக்குது.”

“உக்காரு அண்ணி. நாஷ்டா சூடா இருக்குது.”

“படக மட்டும் அனுப்பிடாத. நாளைக்கும் முகூர்த்த நாளுதான், சத்திரத்துல சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்.”

மேளம் ஆரம்பித்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் மணையில் உட்கார்ந்தார்கள். பூசாரி தேங்காயை எடுத்த நேரம், மேலே சடசடவென்று சத்தம். செங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். கெட்டித் துணி தாங்கியது. ஒரு ஒழுகல் இல்லை. மழை வலுத்தது, அப்போதும் இல்லை. குப்பத்துப் பெண்கள் அவளைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவள் மூச்சை விட்டாள்.

தண்ணீர் பாயின் நடுவே குளமாகத் தேங்கி, தையல் வழியாக மெல்லக் கசிந்தது அதற்கப்புறம்தான். முதல் சொட்டு மாரியப்பனின் உச்சந்தலையில் விழுந்து நெற்றியில் இறங்கியது. இரண்டாவது தோளில். அவன் கையால் தட்டிவிட்டான். கடுங்காப்பி சிந்தியதுபோல வெள்ளைச் சட்டையில் ஒரு பழுப்புக் கறை விரிந்தது. துடைக்கத் துடைக்கப் பெரிதானது. பிறகு வரிசையாகச் சொட்டின: மடியில், முட்டியில், பூசாரியின் வழுக்கையில், பெண்ணின் கழுத்து மாலையில்.

மேளம் தானாக நின்றது.

செல்லியம்மாள் எழுந்தாள். முந்தானையால் மகன் தோளைத் தேய்த்துப் பார்த்தாள். முந்தானையும் பழுப்பானது.

“எழுந்துருடா,” என்றாள்.

மாரியப்பன் எழுந்திருக்கவில்லை; உட்காரவுமில்லை. பாதி எழுந்தபடி குனிந்து நின்றான். அரசப்பன் கிளிஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மழ நிக்கட்டும் செல்லி. ரொம்ப பேஜாரு பண்ணாத,” என்றார் மெதுவாக.

“நான் பேஜாரு பண்றேனா? உங்க தங்கச்சி குடுத்த வாக்கு. சந்தைல நாலு பேருக்கு முன்னாடி சொன்னா. கேளுங்க அவள.”

எல்லோரும் செங்கம்மாளைப் பார்த்தார்கள். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னவள் வாயைத் திறக்கவில்லை. செல்வி தலையைக் குனிந்து, மடியில் விழுந்த பழுப்புச் சொட்டை விரலால் மூடிக்கொண்டிருந்தாள். குப்பத்து ஜனம் மொத்தமும் பந்தலைச் சுற்றி நனைந்துகொண்டு நின்றது. ஏலக் கொட்டகையில் சாம்பார் கொதிக்கிற வாசனை வந்தது. இந்தச் சோற்றையும் யாரும் சாப்பிடப்போவதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

பந்தல் மூலையில் மஞ்சள் தண்ணீர் அண்டா இருந்தது.

தாலி கட்டி முடிந்தபிறகு முறைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஊற்றிக்கொள்ள வைத்தது. மாமன்மேல் மச்சான், அண்ணிமேல் நாத்தனார். யார் மேல் யார் ஊற்றினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டவர் பெயர் ஏரி முழுக்கப் போகும். அப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் இலை போடுவார்கள். ஆனால் தாலிக்கு முன்னால் யாரும் ஊற்றியதில்லை. ஊற்றலாமா கூடாதா என்று யாரும் யோசித்ததும் இல்லை.

செங்கம்மாள் நடந்து போனாள். பெரிய சொம்பாகப் பார்த்து எடுத்தாள். விளிம்புவரை மொண்டாள். திரும்பி வந்து, மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த அண்ணியின் தலையில் முழுவதையும் கவிழ்த்தாள்.

புதுப் பட்டு, கொண்டைப் பூ, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றின் வழியாகவும் மஞ்சள் வழிந்தது.

துலுக்காணம் கண்ணை மூடிக்கொண்டான். செங்கம்மாள் சொம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், அது மட்டும்தான் அவளை நிற்க வைத்திருப்பது மாதிரி. இதோடு முடிந்தது, இனி அண்ணன் வீட்டு வாசலையும் மிதிக்க முடியாது என்று நினைத்தாள்.

செல்லியம்மாள் முகத்தை வழித்து விட்டாள். மகன் கையை விட்டாள். படகுப் பக்கம் திரும்பி நாலடி வைத்தாள். அண்டாவும் அந்தப் பக்கம்தான் இருந்தது. அங்கே நின்றாள். இன்னொரு சொம்பை எடுத்து மொண்டாள்.

“தாலி கட்டறதுக்கு முன்னாடியே ஊத்துறாளே, இவ எந்த ஊரு நாத்தனாரு?” என்று கேட்டுக்கொண்டே வந்து செங்கம்மாள் முகத்துக்கு நேரே வீசினாள். வாய்க்குள்ளும் போனது. “வாயத் தொறக்க மாட்டேன்னு சொன்ன இல்ல?”

“தொறக்கல அண்ணி. கைதான்,” என்றாள் செங்கம்மாள், இருமிக்கொண்டே.

முதலில் சிரித்தது யார் என்பதில் குப்பத்தில் இன்றுவரை தகராறு உண்டு. பூசாரிதான் என்று சிலர் சொல்லுவார்கள். அடுத்த நிமிஷம் குப்பத்துப் பெண்கள் அண்டாவை நோக்கி ஓடினார்கள். மீஞ்சூர்ப் பெண்களும் முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடினார்கள். அரசப்பன் ஓடப் பார்த்தார், முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் பந்தலில் வெள்ளை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. எது மஞ்சள், எது பாய்ச் சாயம், எது வெறும் மழை என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி இரண்டு வீட்டாரும் ஒரே நிறமாகியிருந்தார்கள்.

நடுவில், நனைந்த கோழிபோல நின்றுகொண்டிருந்த மாரியப்பன், “நைனா, யாராவது தாலிய எடுத்துக் குடுங்களேன்,” என்றான். “எனக்குக் குளுருது.”

செல்வி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

தாலி கட்டினான். மேளத்தின் தோல் நனைந்துபோய்ச் சத்தம் எழும்பவில்லை. அதற்குப் பதிலாகக் குப்பமே குலவையிட்டது.

பந்தி ஏலக் கொட்டகையில். உடுத்திக்கொள்ளக் காய்ந்த துணி யாரிடமும் இல்லை என்பதால் செங்கம்மாள் வீட்டு டிரங்குப் பெட்டி காலியாயிற்று. சாயம்போன நூல்புடவை ஒன்று செல்லியம்மாளுக்குக் கிடைத்தது. அதைச் சுற்றிக்கொண்டு முதல் பந்தியில் உட்கார்ந்தாள். பக்கத்து இலையைக் காட்டி, “நீயும் உக்காரு. நின்னுக்கினே இருந்தா எனக்கு எறங்காது,” என்றாள்.

செங்கம்மாள் உட்கார்ந்தாள். கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இலைகள். குப்பத்து ஜனமும் மீஞ்சூர் ஜனமும் கலந்து உட்கார்ந்து, மழைச் சத்தத்துக்கு மேல் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். இந்தப் பந்தி முடிய இன்னொரு பந்தி காத்திருந்தது.

“ரசத்துல உப்பு பத்தல,” என்றாள் செல்லியம்மாள்.

“மழத் தண்ணி கலந்திருக்கும் அண்ணி.”

“இங்க மீன் நாத்தம் அடிக்குது.”

“அடிக்கும்.”

செல்லியம்மாள் இலையைப் பார்த்தபடி இன்னொரு வாய் சாப்பிட்டாள். “இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லு,” என்றாள்.