கிருத்திகைதோறும் கூட்டம்

எங்கள் மாதர் சங்கத்துக்குச் சட்டதிட்டம் வந்தது அரக்கோணத்தில் இருந்த ஒரு பந்தாட்ட கிளப்பிலிருந்து. சிரிக்காதீர்கள், உண்மைதான். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரர் அந்த கிளப்பின் விதிப் புத்தகத்தை இரவல் வாங்கிவந்து தமிழில் எழுதித் தந்தார். பந்து தொலைந்தால் யார் பொறுப்பு என்பதையும், சேற்றுச் செருப்போடு உள்ளே வரக் கூடாது என்பதையும் நான்தான் கோடு போட்டு அடித்தேன். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, சங்கத்துக்குக் காரியதரிசி வேறு. தலைகால் புரியவில்லை.

சங்கம் எதற்கென்று சொல்லிவிடுகிறேன். திருத்தணிக்குக் கிருத்திகைதோறும் ஜனம் வரும். அடிவாரக் குளத்தில் முழுகிவிட்டுத்தான் மலையேறுவார்கள். ஆண்களுக்கென்ன, ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் தீர்ந்தது. பெண்கள் ஈரப் புடைவையோடு படித்துறையில் கூனிக் குறுகி நிற்க வேண்டும். கல்யாணமான புதிதில் நானும் அப்படி நின்றிருக்கிறேன். எதிர்க்கரையில் சாவகாசமாக உட்கார்ந்து பார்த்த முகங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. புடைவை மாற்ற நாலு சுவர் வைத்த ஓர் அறை. நாங்கள் கேட்டது அவ்வளவுதான்.

குளத்தோரம் கொஞ்சம் புறம்போக்கு நிலம் இருந்தது. பதிவு செய்த தருமச் சங்கமென்றால் இலவசமாகத் தரலாம், இல்லாவிட்டால் ஏலம்தான் என்றார்கள் தாலுகா ஆபீசில். ஒரு சோடாக் கடைக்காரர் அந்த ஏலத்துக்காகவே காத்துக்கொண்டிருந்தார். பதிவு என்றால் உறுப்பினர் ஏழு பேருக்குக் குறையக் கூடாது, விதிகள் வேண்டும், மாதாமாதம் கூட்டம் போட்டு நடவடிக்கைப் புத்தகம் எழுத வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்கி, என்னோடு சேர்த்து ஏழு பேராக்கினேன். ஏழாவது ஆள், ஊருக்கு வெளியே கத்தரித் தோட்டம் வைத்திருந்த ஓர் அக்கா. என்னைவிட இருபது வயது மூத்தவள். கையெழுத்து தெரியாது, பெருவிரலை உருட்டி வைத்தாள். சித்தூருக்குக் காகிதம் போய்ப் பதிவும் ஆகிவிட்டது.

அறை வருகிற வரைக்கும் ஒரு படுதா. யுத்த காலம், துணிக்குக் கண்ட்ரோல். பொதட்டூர்பேட்டையில் தாய்வீடு இருந்த ஒருத்தி தறியிலிருந்து எப்படியோ முரட்டுத் துணி கொண்டுவந்தாள். படித்துறையெல்லாம் கல், கம்பு நட முடியாது. ஒரு நுனியை வேப்பமரத்தில் கட்டி, மறு நுனியை யாராவது கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

கூட்டத்தைக் கிருத்திகை மத்தியானம் என் வீட்டில் வைத்துக்கொண்டோம். அன்றைக்கு எல்லாருக்கும் விரதம், அடுப்பு வேலை கிடையாது, ஆற அமரப் பேசலாம் என்பது என் யோசனை. ஆகா, அந்த மத்தியானங்கள்! பெரிய பித்தளைச் சொம்பு நிறையப் பானகம். மலைமேலிருந்து அரோகரா சத்தம் அலையலையாக வரும். நான் விதிகளைக் கணீரென்று வாசிப்பேன், ஒருத்தி தூணில் சாய்ந்து தூங்கிவிடுவாள், மற்றவர்கள் அவளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எங்களுக்கென்று ஒரு புத்தகம், எங்கள் கையெழுத்து, எங்கள் தீர்மானம். அந்தச் சந்தோஷம் எனக்கு அப்புறம் எதிலும் கிடைக்கவில்லை.

அக்கா மட்டும் வரவில்லை. ஒரு கூட்டமல்ல, மூன்று கூட்டம். விதியோ, தொடர்ந்து மூன்று முறை வராதவர் உறுப்பினர் இல்லை என்கிறது.

"பாவம், தோட்டத்துல வேலையா இருக்கும். உட்டுடும்மா" என்றாள் பொதட்டூர்பேட்டைக்காரி.

"சட்டம்னா சட்டந்தாங்க. இன்னிக்கு உட்டா நாளைக்கு யார் வருவாங்க?" என்றேன். ரூல்தடி வைத்துச் சிவப்பு மசியில் அந்தப் பெயரின் மேல் கோடு போட்டேன். கோணாமல் போட்டேன் என்று பெருமை வேறு.

அடுத்த கிருத்திகையன்று காலையில் தாலுகா ஆபீசிலிருந்து சேதி வந்தது. மறுநாள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் இடத்தைப் பார்க்க வருகிறார், ஏழு உறுப்பினரும் நேரில் இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆறு பேர்தானே இருக்கீங்க? ஒன் கோட்டால சோடாக் கடைதான் வரப்போவுது."

புத்தகத்தையும் மசிப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு கத்தரித் தோட்டத்துக்கு ஓடினேன். அக்கா இல்லை. "கிருத்திகையாச்சே, கொளத்தாண்ட இருப்பாங்க" என்றான் ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்த ஆள்.

வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். வெயில் நேரே முகத்தில். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிப் படுதாவைப் பிடித்திருந்தாள். உள்ளே யாரோ ஒரு பெண் புடைவை மாற்றிக்கொண்டிருந்தது வளையல் சத்தத்தில் தெரிந்தது.

"அக்கா, எவ்ளோ நேரமா நிக்கறீங்க?"

"ஆங், காத்தாலேருந்து. நாலு கிருத்திகையா நாந்தான் நிக்கறேன். நீங்கள்லாம் கூட்டத்துக்குப் பூட்டா இத்த யாரு புடிக்கறது? யாராச்சும் ஒருத்தி கை மாத்த வருவீங்கன்னு பாத்துகினே இருந்தேன்."

அவளுக்கும் அன்றைக்கு விரதம். படுதாவை யார் பிடிக்கிறார்கள் என்று மூன்று கூட்டத்திலும் நாங்கள் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அக்கா, சங்கத்துலேருந்து ஒங்க பேர அடிச்சிட்டேன்" என்றேன். "கூட்டத்துக்கு வரலைன்னு."

கொஞ்சம் யோசித்தாள். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே கேட்டாள்: "அப்போ இத்தக் கீழ போட்டுடட்டுமா?"

"ஐயோ, போட்டுடாதீங்கம்மா!" என்று அலறியது படுதாவுக்குள்ளிருந்த குரல்.

சிரிப்பும் அழுகையுமாகப் பாய்ந்து நான் நுனியை வாங்கினேன். கால்மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும்போல் ஆகிவிட்டது. மற்ற ஐந்து பேரையும் அங்கேயே வரவழைத்தோம். படித்துறையிலேயே கூட்டம் போட்டு அவளைத் திரும்பச் சேர்த்தோம். அக்கா பெருவிரலில் மசி தடவி, என் சிவப்புக் கோட்டின் மேலேயே பதித்தாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் அந்தக் கோட்டைக் காட்டி என்ன இது என்றார். "என் புத்தி கெட்டுப்போனதுங்க" என்றேன். அவர் ஏழு பேரையும் எண்ணிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். ஆடிக் கிருத்திகைக்குள் நாலு சுவரும் எழும்பி, தகரக் கூரையும் ஏறிவிட்டது.

அறை எழும்புவதற்கு முன்பே, படுதாவை எல்லாரும் மாறி மாறிப் பிடிக்கத் தோதாகக் கூட்டத்தைக் கிருத்திகைக்கு மறுநாள் மாற்றியிருந்தோம். அக்கா முதல் தடவையாக என் வீட்டுக்கு வந்தாள். பானகம் குடித்தாள். நான் வாசித்ததையெல்லாம் கன்னத்தில் கைவைத்துக் கடைசி வரைக்கும் கேட்டாள். எல்லாரும் எழுந்திருக்கும்போது என் பக்கம் திரும்பினாள்.

"இவ்ளோதானா? இதுக்கா எம் பேர அடிச்ச?"