ஐந்து வக்துத் தீன்

கல்முனையில் மீன்தொட்டி விற்கும் அந்த மெலிந்த மனிதரிடம் ஒரு போத்தல் நீருடன் போயிருந்தேன். எங்கள் சிறிய கடல்நீர்த் தொட்டியைப் பச்சைப் பாசி மூடிக்கொண்டிருந்தது. எதையும் சொல்வதற்கு முன் ஒரு துளியை நாவில் வைத்துப் பார்ப்பது அவருடைய வழக்கம்.

"உப்பு சரி. மீனுக்குத் தீன் போடுற ஆரு, தங்கச்சி?"

"வாப்பா."

"எத்தின தரம்?"

"அஞ்சு வக்தும் தொழுதிட்டுப் போடுவார், நானா."

அவர் சிரித்தார். "மீனுக்கும் அஞ்சு வக்து கடமையாக்கிட்டாரா? மிஞ்சுற தீன்தான் பாசியாகுது. ஒருதரம் போதும்."

உம்மா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு வாப்பா கதிரையை விட்டு எழுவது தொழுகைக்கும் அந்த மீன்களுக்கும் மட்டுமே. அதைத் தயங்கித்தான் சொன்னேன்.

அவர் உள்ளே போய், பாசி தேய்க்கும் தூரிகை ஒன்றை எடுத்து வந்தார்.

"போடாதீங்க எண்டு சொல்லிராதீங்க. விடிய சுபஹுக்குத் தீன். மத்த நாலு வக்துக்கும் கண்ணாடியத் தேய்க்கக் குடுங்க. தேய்க்கத் தேய்க்கப் பாசி வரும். வேல முடியாது."

வாப்பா இன்றும் தேய்க்கிறார். தூரிகை தேய்ந்து, புதியது வாங்கப் போன அன்றுதான் கவனித்தேன்: பாசியை அடியோடு அழிக்கும் மருந்துப் போத்தல்கள் அந்தக் கடைக்காரருடைய அலமாரியில் வரிசையாக நின்றன. எனக்கு அவற்றை அவர் காட்டவேயில்லை.