எஸ்.எல். என்று எழுதியிருந்த இடம்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். பொகவந்தலாவையில் அது எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கணக்கு வாத்தியார் நடராசா என்றால் பிள்ளைகளைவிடப் பெற்றோர்தான் அதிகம் பயப்படுவார்கள். அந்தக் கோபம் முழுவதையும் ஒருநாள் கந்தப்பன் தலையில் கொட்டினேன். அன்றைக்கே அவர் முன்னால் வாயடைத்தும் நின்றேன்.

கந்தப்பன், பள்ளிக்கூடத்துக்குக் கீழே இருக்கும் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களைப் பார்ப்பவர். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, பதினாறு வயதில் தொழிற்சாலைக்குள் போனவர். கொழுந்தைக் கசக்கும் ரோலர் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். 1978இல் அவருடைய தங்கை காளியாயி, புருஷன் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி இந்தியா போனாள். அவர்களுக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. கந்தப்பனுக்கு எந்த நாடும் கிடைக்கவில்லை. 2003 கடைசியில் நாடில்லாதவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் வந்த பிறகுதான், ஐம்பதை நெருங்கும் வயதில், அவர் இலங்கைக்காரர் ஆனார். அண்ணனும் தங்கையும் இடையில் ஒருமுறைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு கோத்தகிரியில் காளியாயி மகளுக்குக் கல்யாணம். அதைப் பதிந்து அவள் மகன் ஒரு டிவிடி அனுப்பியிருந்தான். பஜாரில் இருந்த பிளேயர் எதுவும் அதை எடுக்கவில்லை. ஹட்டனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் போட்டதும் படம் வந்ததாம். வந்த உடனே கந்தப்பன் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்று கேட்டேன்.

"தங்கச்சி மொகத்த கவுண்டர்ல நின்னுக்கிட்டா பாக்குறதுங்க சேர்? எங்க லயத்து ஆளுங்களும் பாக்கணும்ல."

அதனால் அந்தக் கடையிலேயே ஒரு பழைய டிவிடி டிரைவை வாங்கி வந்திருந்தார். எங்கள் பள்ளியின் ஒரே கம்ப்யூட்டர், கொழும்பில் யாரோ கழித்து அனுப்பியது. அது சிடி மட்டும்தான் படிக்கும். சிடி டிரைவைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டலாம், பிறகு பள்ளிக்கே இருக்கட்டும் என்றார். அரை மனதோடு சம்மதித்தேன்.

ஞாயிறு காலை லயத்திலிருந்து முப்பது பேர் வந்து வகுப்பறை வாங்குகளில் உட்கார்ந்துவிட்டார்கள். கந்தப்பன் பெட்டியைத் திறந்து பழையதை இழுத்தெடுத்தார். பட்டை வயரையும் கரண்ட் வயரையும் புதியதில் செருகினார். நான் சுவிட்சைப் போட்டேன். ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை என்று கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது.

"பிள்ளையளின்ர பரீட்சைத் தாளெல்லாம் உதுக்குள்ளதான் கிடக்கு. ரோலர் பூட்டுற கையால உதைத் தொடலாமோ?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

கந்தப்பன் பெட்டிக்குள் குனிந்தார். டிரைவை வெளியே எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதன் பின்புறத்தைப் பார்த்தார். அங்கே மூன்று சோடிச் சிறு கம்பிகள். ஒரு சோடியின் மேல் மட்டும் அரிசியளவில் ஒரு மூடி. ஒவ்வொரு சோடிக்கும் மேலே ஆங்கில எழுத்து: எம்.ஏ., எஸ்.எல்., சி.எஸ். மூடி எம்.ஏ.யில் இருந்தது.

"இதாங்க விசயம். டிவிடியெல்லாம் நாட்டுக்கு நாடு வேறன்னு கடக்காரத் தம்பி சொன்னிச்சு. இது மலேசியாவுல கெடக்கு. நம்ம ஸ்ரீலங்காவுக்கு மாத்தணும்."

"அப்ப சி.எஸ்.?"

"அது எந்த நாடோ, நமக்கு வேணாம்ங்க."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ஆனால் அந்த எழுத்துகளின் அர்த்தம் எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வராது. அவர் குண்டூசியால் மூடியை நெம்பி எடுத்து எஸ்.எல்.லில் பதித்து, டிரைவைத் திரும்பவும் பூட்டினார். சுவிட்சைப் போட்டேன். விண்டோஸ் வந்தது. கந்தப்பன் டிவிடியை வைத்தார். அது உள்ளே போய்ச் சுழன்றது.

எத்தனையோ வருடம் கணக்கும் விஞ்ஞானமும் படிப்பித்தவன் நான். இருந்தும் அந்த நிமிடம் எனக்கு மேனி சிலிர்த்தது. எழுத்தில்லாத, கோடில்லாத வெறும் தட்டு. அதிலிருந்து காளியாயி நடந்து வந்தாள். பட்டுச்சேலை, பாதி நரைத்த தலை. "மாமாவுக்கு ஏதாச்சும் சொல்லும்மா" என்று மகன் குரல் கேட்டது. அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நேரே எங்களைப் பார்த்தாள்.

"அண்ணே, நாங்க நல்லா இருக்கோம். இங்க எல்லாரும் என்னைய சிலோன்காரின்னுதான் கூப்பிடுறாங்க. காளின்னு கூப்பிட ஒருத்தரும் இல்லண்ணே."

கந்தப்பன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். "காளி" என்றார். படத்தில் அவள் சட்டென்று திரும்பினாள். கல்யாண வீட்டில் வேறு யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். அதை யோசிக்கும் நிலையில் அங்கே யாரும் இல்லை. முப்பது பேரும் அழுதார்கள், நானும் அழுதேன்.

அடுத்த மாதம் நுவரெலியாவில் ஆசிரியர்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தது. எம்.ஏ. என்றால் மாஸ்டர், எஜமான், எஸ்.எல். என்றால் ஸ்லேவ், அடிமை என்று சொல்லித் தந்தார்கள். ஹார்ட் டிஸ்க்கும் டிரைவும் ஒரே வயரில் இருந்தால் ஒன்றுதான் எஜமானாக இருக்கலாமாம். பிழையைக் கண்டால் திருத்தாமல் விடுகிற ஆள் நான் இல்லை. பஸ்ஸால் இறங்கி நேரே கந்தப்பனிடம்தான் போனேன்.

வட்டவளையிலிருந்து ஓர் ஆசிரியை டிரைவோடு வந்திருந்தார். கந்தப்பன் குண்டூசியைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கிக்கொண்டிருந்தார்.

"மலேசியாவுல இருந்தா ஓடாதுங்க டீச்சர். நம்ம நாட்டுல வச்சாத்தான் நம்ம ஆளுங்க வருவாங்க." என்னைக் கண்டதும் நிமிர்ந்தார். "சரிதானுங்களே சேர்?"

"ஓம், சரிதான்" என்றேன்.