அரபுப் பத்திரிகையில் வந்த கை

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், பிரெஞ்சு பேசும் கனடிய நகரொன்றின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு தொழிலாளர் உதவி நிலையத்தில் அரபுப் பத்திரிகையாளர்களுக்கு வகுப்பெடுத்தேன். வேலைத்தலத்துப் பிரச்சினைகளை எப்படி எழுதுவது என்பதுதான் பாடம். யாழ்ப்பாணத்தில் நிருபராக இருந்தவன் என்ற தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. "பெயரை விடுங்கள், ஆளைக் காட்டுங்கள்" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் வாய் கிழியப் பேசுவேன்.

பயிற்சிக்கு ஒரு தொழிலாளி தேவைப்பட்டபோது, அதே நகரத்துச் செயின்ட்-மிஷேல் பகுதியில் சலவை ஆலையொன்றில் வேலை செய்த எங்கள் ஊர்ப் பெண்ணைக் கேட்டேன். போர்வைகளை அழுத்தும் சூட்டு உருளையில் அவளுடைய இடது கை வெந்து, இரண்டு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. முறையிடப் பயந்தாள். கணவரைக் கொழும்பிலிருந்து கூப்பிட விண்ணப்பித்திருந்தாள். வேலை போனால் அதுவும் ஆட்டம் கண்டுவிடும்.

"தமிழ்ப் பேப்பர் எண்டா மாட்டன் அண்ணை. சனம் கதைச்சே கொண்டுபோடும். அரபிப் பேப்பர் எண்டா ஓம்."

எனக்கும் அது சரியாகவே பட்டது. நாங்கள் பயப்படுவது எங்கள் ஆட்களின் வாய்க்குத்தான். கோயிலில் கதை பரவக்கூடாது. மற்றவன் அறிந்தால் என்ன? ஆலையின் மேற்பார்வையாளர் லெபனான்காரர் என்று அவளே முன்பு சொல்லியிருந்தாள். அந்த நேரத்தில் அது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

வகுப்பிலிருந்த ஓர் அல்ஜீரியப் பெண் அவளைச் சந்தித்துக் கட்டுரையை எழுதினாள். வகுப்பில் அதைப் பிரெஞ்சில் சொல்லிக் காட்டினாள். ஆளின் பெயர் இல்லை, ஆலையின் பெயரும் இல்லை. மடங்கிய விரல்களால் போர்வையின் நுனியைப் பிடிக்கும் விதம் மட்டும் அப்படியே இருந்தது. எல்லோருக்கும் முன்னால் கைதட்டினேன். வெட்கக்கேடு.

பத்திரிகை வந்த மூன்றாம் நாள் மத்தியானம் சலவை ஆலைப் பெண் எனக்கு ஃபோன் எடுத்தாள்.

"அண்ணை, சூப்பர்வைசர் பேப்பரைக் கொண்டுவந்து மேசையில போட்டான். இது நீதானே எண்டான். எனக்கு உது வாசிக்கத் தெரியாது எண்டன். கையை நீட்டு எண்டான்."

"நீட்டினனியோ?"

"வேற என்ன செய்ய? நாளையிலிருந்து வரவேண்டாமாம்."

வழக்கறிஞரைப் பார்க்கலாம், முறைப்பாடு எழுதலாம் என்று உளறிக்கொண்டே போனேன். என் குரலை நானே வெறுத்தேன். எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றாள். பிறகு அழுதாள்.

"பின்னேரம் இவர் கொழும்பிலயிருந்து ஃபோன் எடுப்பார். நீங்கள் எழுதப் படிப்பிக்கிற ஆள்தானே அண்ணை. அவருக்கு என்னெண்டு சொல்லுறது எண்டு சொல்லித் தாங்கோ."