வெள்ளையாக விட்ட பட்டைகள்

சில நாட்களுக்கு முன், காலையில் பிரிக்ஃபீல்ட்ஸ் அச்சகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே ஓவியராக இருந்த யோகராசா அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். அதன்பின் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஆய்வகத்தில் கழுவிய குடுவைகளையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

அவர் வடிவமைத்த கல்யாணப் பத்திரிகைகளை இதைப் படிக்கும் நீங்கள் அறிந்திருக்கலாம். எங்கள் கிருமிகளையும் அவர் வரைந்தது பலருக்குத் தெரியாது. பல ஆண்டுகளுக்கு முன் நான் கழிவுநீர்க் குளத்துச் சேற்றிலிருந்து மரபணுவைப் பிரித்து, அதில் என்னென்ன கிருமிகள் கூடி வாழ்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். விடை வெறும் கோடுகளாக வரும். ஒவ்வொரு கோடும் ஓர் இனம். ஆய்வைத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குழுவுக்கு அது புரியவேண்டும். அதனால் அவரிடம் போனேன். கோடுகளை அகலப் பட்டைகளாக்கினார்.

கேடு செய்யும் இனத்துக்குச் சிவப்பு பூசச் சொன்னேன்.

"உமக்குச் சிவப்பு ஆபத்து. குழுவில இருக்கிற மிஸ்டர் லிம்முக்கு அது சீனப் பெருநாளுக்குக் காசு வைச்சுக் குடுக்கிற அங்பாவ் உறை. கிருமிக்குப் பெருநாள் வாழ்த்தோ?"

"அப்ப மஞ்சள்?"

"அது சுல்தான்ர நிறம். அரண்மனை இருக்கிற ஊர்க் கிள்ளான்காரிக்கு இதுகூடத் தெரியாதோ?"

கடைசியில் கோப்பித்தூள் நிறத்தில் வந்து நின்றோம்.

சண்டை அதற்குப் பிறகுதான். பல பட்டைகள் எந்த இனம் என்று எங்களுக்கே தெரியாது. குழு கேட்டால் பதில் இல்லை, எடுத்துவிடுங்கள் என்றேன். தூரிகையைக் கீழே வைத்தார்.

"குளத்தில இருக்கிறதை இல்லையெண்டு நான் கீற மாட்டன், பிள்ளை. பேர் தெரியாட்டி வெள்ளையா விடுவம்."

"ஆய்வு போச்சுன்னா நீங்களா அண்ணே சோறு போடுவீங்க?"

"புட்டுப் போடுவன்."

வேறு ஆளைத் தேட நேரமில்லை. அந்தப் படத்தையே கொண்டுபோனேன். தலைவர் வெள்ளைப் பட்டைமேல் விரல் வைத்து, இது என்ன என்றார். தெரியாது என்றேன். அடுத்த பட்டை? அதுவும் தெரியாது. ஆய்வு அத்துடன் நின்றது.

அந்த வாரமே அண்ணன் ரயிலேறிக் கிள்ளானுக்கு வந்தார், கையில் புட்டுப் பொட்டலத்துடன். மன்னிப்பும் கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "சம்பல் கொஞ்சம் உறைப்பு" என்று மட்டும் சொன்னார். கோபத்தோடுதான் சாப்பிட்டேன்.

அவர் செய்தது சரியா? அந்தக் கேள்வி இன்னும் எனக்குத் தீரவில்லை. வேறொரு படம் என் ஆய்வைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் அந்தப் பொய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இருந்திருக்க முடியுமா என்றும் தெரியவில்லை. கேட்கலாமென்றால் அவர் இல்லை.

அவர் எனக்கு விட்டுப்போனது நிம்மதியல்ல, முழுமையாகத் தோன்றும் எதையும் நம்பாத கண். நேற்று, அவருடைய காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும், ஒரு தண்ணீர்ச் சோதனை அறிக்கை என் கையெழுத்துக்கு வந்தது. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. பேனாவை மூடிவிட்டு, எழுதியவரைக் கூப்பிட்டேன். "இதுல உங்களுக்குத் தெரியாதது எது? முதல்ல அதைச் சொல்லுங்க."